பாட்டுப் போட எந்தப் போன், எந்த டேப்லெட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபி, பவானி, பெருந்துறைப் பக்கத்துக் கும்மிக் குழுக்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் வேலையில் இருப்பதால், "எந்தப் போன் வாங்கினால் பாட்டுப் போடலாம்" என்ற கேள்வி வெவ்வேறு வடிவத்தில் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. இசையைத் தொழிலாகக் கொள்ளாமல், வேலை முடிந்த பொழுதில் ஒரு மெட்டைப் போட்டுப் பார்க்கவும், ஒரு தாளத்தைத் தட்டி வைக்கவும், நோம்பிக்குப் பாடிய பாட்டைக் குரல் கெடாமல் பதியவும் விரும்புகிறவர்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பிறகும் வருகின்றன.

ஏனுங்க, பாட்டுப் போடறதுக்குன்னு தனியா ஒரு போன் வாங்கோணுமா? கையில இருக்கறது பத்தாதுங்களா?

தொடங்குவதற்குப் பெரும்பாலும் போதும். பேண்ட்லேப் போன்ற இலவச இசைப் பதிவுச் செயலி ஒன்றை இறக்கி, ஒயர் உள்ள இயர்போனை மாட்டி, ஒரு தாளமும் ஒரு குரலும் பதிந்து பாருங்கள். சில நாள் பழகினால் உங்களைத் தடுப்பது எது என்று தெரிந்துவிடும்: தட்டிய அடி பிந்திக் கேட்கிறதா, குரல் கரகரக்கிறதா, விரலுக்குத் திரை போதவில்லையா, பாதிப் பாட்டில் செயலி தானே மூடிக்கொள்கிறதா.

இந்த நான்கு குறைகளுக்கும் மருந்து வேறு வேறு. முதல் இரண்டுக்குப் பல நேரங்களில் புதிய போனே தேவைப்படாது என்பதைக் கீழே வரும் பதில்களில் காணலாம். குறை எதுவென்று தெரியாமல் கடைக்குப் போகிறவர், கேமராவையும் விளம்பரத்தையும் பார்த்துத்தான் வாங்கி வருவார். அவை இரண்டுக்கும் இசைக்கும் தொடர்பில்லை.

ஐபோனா, ஆண்ட்ராய்டா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

விரலால் தட்டி வாசிப்பதுதான் உங்கள் முதல் ஆசை என்றால், பழைய ஐபேட் ஆனாலும் அதை நாடுங்கள். பாடிப் பதிவதும், பதிந்ததை வெட்டி ஒட்டுவதும், முன்பே இருக்கும் தாளத்தை அடுக்குவதும்தான் வேலை என்றால் ஆண்ட்ராய்டு போதும். கூடுதலாகச் செலவழிக்க வேண்டியதில்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆப்பிள் தன் கருவிகளையும் இயங்குதளத்தையும் தானே வடிவமைப்பதால், தொட்ட உடன் ஒலிக்கும் தன்மை அதன் விலை குறைந்த கருவியிலும் பழைய கருவியிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. அதன் இசைச் செயலியான கராஜ்பேண்ட் 2011-இல் ஐபேடுக்கு வந்தது. 2017 முதல் எல்லோருக்கும் இலவசம். ஆண்ட்ராய்டில் ஒலி பிந்துவது நெடுங்காலம் பெருங்குறையாக இருந்தது. 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-இல்தான் ஒலிக்கென ஏஆடியோ என்ற குறுக்குவழி திறக்கப்பட்டது. அந்த வழியை எந்த அளவுக்கு ஒழுங்காக அமைத்துக் கொடுப்பது என்பது போன் செய்கிறவரின் கையில் இருப்பதால், ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்கள்கூட இதில் வேறுபடுகின்றன. ஆகவே ஆண்ட்ராய்டில் "இந்தக் கம்பெனி நல்லது" என்று சொல்வதில் பொருளில்லை. வாங்கப் போகும் அந்த மாடலையே சோதிக்க வேண்டும்.

செயலிகளைப் பொறுத்தவரை இடைவெளி குறைந்துவிட்டது. எஃப்எல் ஸ்டுடியோ மொபைல், க்யூபேசிஸ், கோலா சாம்ப்ளர், பேண்ட்லேப் ஆகியவை இரண்டு பக்கமும் கிடைக்கின்றன. கராஜ்பேண்ட் மட்டும் ஆப்பிளுக்கே உரியது.

தாமதம் தாமதம்ங்கறீங்களே, அது என்னங்க? எத்தன இருந்தாப் பரவால்ல?

விரல் திரையைத் தொட்டதற்கும் காதில் ஒலி விழுவதற்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் தாமதம். அது ஓரிடத்தில் உண்டாவதில்லை. திரை, விரலை எத்தனை முறை தேடுகிறது என்பதில் முதல் பங்கு இருக்கிறது: நொடிக்கு 120 முறை தேடும் திரையில் ஒரு தேடலுக்கும் அடுத்ததற்கும் நடுவே 8 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும்; 240 முறை தேடும் திரையில் அதில் பாதி. செயலி ஒலியைச் சிறு சிறு கூறுகளாகத் தயாரித்து அனுப்புவதில் அடுத்த பங்கு: நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியை அளந்தெடுத்த புள்ளிகள்) வீதம் ஓடும் கருவியில் 256 சாம்பிள் கொண்ட ஒரு கூறு 5.3 மில்லி விநாடி நீளம். அப்படி எத்தனை கூறுகள் வரிசையில் காத்திருக்கின்றன, வழியில் எத்தனை இடத்தில் ஒலி மெருகேற்றப்படுகிறது என்பவை மீதிப் பங்கு.

எண்ணாகச் சொன்னால் பிடிபடாது என்பவர்கள் கும்மிக் களத்தை நினைத்துப் பாருங்கள். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. எனவே 10 மில்லி விநாடித் தாமதம் என்பது பறையிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். 20 மீட்டர் அகலமுள்ள களத்தின் ஓரத்தில் தாளக்காரர் நின்றால், எதிர் ஓரத்தில் ஆடுகிறவரை அடி சென்று சேர ஏறத்தாழ 60 மில்லி விநாடி ஆகும். அங்கே ஆடுகிறவர் பக்கத்தில் ஆடுகிறவரைக் கண்ணால் பார்த்துச் சமாளித்துவிடலாம். திரையில் வாசிக்கிறவருக்கு அந்த உதவி இல்லை. அவருக்குத் தன் விரலும் காதும் மட்டுமே.

என் கணக்கில் 10 மில்லி விநாடி வரை யாரும் உணர்வதில்லை. 20 வரை கை பழகிக்கொள்ளும். 30, 40 என்று போனால் தாளம் வாசிக்கிறவர் தன்னை அறியாமல் முந்தி அடிக்கத் தொடங்குவார், பிறகு அடி எதிலும் நிற்காது. மெதுவாக எழும் வயலின் போன்ற ஒலிகளுக்கு 40-ம் பெரிதாகத் தெரியாது. எனவே நீங்கள் வாசிப்பது என்ன என்பதைப் பொறுத்துத்தான் "பரவாயில்லை" என்ற எல்லை அமைகிறது.

கடையில நின்னுட்டே இத எப்படிங்க சோதிக்கறது? கிராஸ்கட் ரோட்டுல அந்தக் கூட்டத்துல காதே கேக்காது.

காதை நம்ப வேண்டியதில்லை. உங்கள் சொந்தப் போனை நம்பலாம். வாங்கப் போகும் போனில் தாளம் தட்டும் செயலி ஒன்றைத் திறந்து, ஸ்பீக்கர் ஒலியைக் கூட்டி வையுங்கள். உங்கள் போனில் ஒலிப்பதிவை ஓட விட்டு அதை அருகில் பிடியுங்கள். பிறகு நகமும் விரல் நுனியும் சேர்ந்து படும்படி திரையில் பளிச்சென்று தட்டுங்கள். பதிவில் நகம் கண்ணாடியில் பட்ட "டிக்" முதலிலும், போன் எழுப்பிய அடி அடுத்தும் விழுந்திருக்கும். வீட்டுக்கு வந்து எந்த ஒலித்தொகுப்புச் செயலியில் திறந்தாலும் இரண்டு முகடுகளும் தனித்தனியே தெரியும். அவற்றுக்கு நடுவிலுள்ள தொலைவுதான் அந்தப் போனின் உண்மையான தாமதம். ஐந்தாறு முறை தட்டிச் சராசரி பாருங்கள், ஏனென்றால் ஒவ்வொரு தட்டுக்கும் சிறிது மாறும்.

காட்சிக்கு வைத்திருக்கும் போனில் செயலி இறக்க விடமாட்டார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். கூட்டமில்லாத முற்பகலில் போய், எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிக் கேட்டால் காந்திபுரத்திலும் ஈரோட்டிலும் மறுக்காத கடைகள் இருக்கின்றன. மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். பல ஆயிரம் ரூபாய் பொருளைத் தொட்டுப் பார்க்காமல் வாங்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை.

புளூடூத் மாட்டுனா அடி லேட்டாக் கேக்குதுங்க. போன் பழுதுங்களா?

இல்லை. சாதாரண புளூடூத் இயர்போன்கள் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்துக் கொடுப்பதற்குள் பெரும்பாலும் 100 முதல் 200 மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன; மேலே சொன்ன எல்லையோடு ஒப்பிட்டால் இதில் வாசிக்கவே முடியாது என்பது விளங்கும். படம் பார்க்கும்போது இது தெரிவதில்லை, ஏனென்றால் அங்கே படத்தையும் அதே அளவு பிந்தி ஓட்டி ஈடுகட்டிவிடுகிறார்கள். வாசிக்கும் விரலை அப்படிப் பிந்த வைக்க முடியாது. முடித்த பாட்டைக் கேட்க மட்டும் புளூடூத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்ப ஹெட்போன் ஓட்டை இல்லாத போனை வாங்கவே கூடாதுங்களா?

ஓட்டை உள்ள போனுக்கு முதலிடம் கொடுங்கள் என்பதே என் அறிவுரை. 2016-இல் ஐபோன் 7 அதைக் கைவிட்ட பிறகு விலை கூடிய போன்கள் பலவும் பின்தொடர்ந்தன. ஆனால் விலை குறைந்த ஆண்ட்ராய்டுகள் சிலவற்றில் அது இன்னும் இருக்கிறது. ஐபேடில் 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை வரை அடிப்படை மாடலில் ஓட்டை உண்டு; 2022-இல் வந்த பத்தாம் தலைமுறையில் இல்லை.

இல்லாத கருவியை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், டைப்-சி துளையில் மாட்டும் இணைப்பான் வாங்கிக்கொள்ளலாம். அதில் ஒரு நுணுக்கம் உண்டு: சில இணைப்பான்களுக்குள்ளே எண்வடிவ ஒலியை மின் அலையாக மாற்றும் சிப் இருக்கும், சிலவற்றில் வெறும் கம்பி மட்டுமே இருக்கும். கம்பி மட்டும் உள்ளது எல்லாப் போனிலும் ஒலிக்காது. சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சார்ஜ் செய்துகொண்டே கேட்க இரண்டு துளையுள்ள இணைப்பான் வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

டிசைன் நல்லா இருக்குதுன்னு எதைய வெச்சுங்க சொல்றது? பார்க்கறதுக்குப் பளபளன்னு இருந்தா நல்ல டிசைன்தானுங்களே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். கண்ணாடி அலமாரியில் நிற்கும்போது அழகாக இருப்பது ஒன்று; இரண்டு கையாலும் குறுக்காகப் பிடித்துப் பத்து நிமிடம் வாசிக்கும்போது எதுவும் குறுக்கே வராமல் இருப்பது வேறொன்று. இசைக்கு இரண்டாவதுதான் வடிவமைப்பு. கடையில் போனைக் குறுக்காகப் பிடியுங்கள். ஸ்பீக்கர் உங்கள் உள்ளங்கைக்குள் புதைந்துவிடுகிறதா? இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் உண்டு என்கிறவர்கள், காதில் வைத்துப் பேசும் சிறு துளையையே இரண்டாவதாகக் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா? இயர்போன் பின்னும் சார்ஜ் ஒயரும் மாட்டிய பிறகு சுண்டு விரலுக்கு இடம் இருக்கிறதா? ஒலி கூட்டும் பொத்தானை வாசிப்பின் நடுவே தெரியாமல் அழுத்திவிடுகிறீர்களா?

அடுத்து மேசையில் மல்லாக்க வையுங்கள். கேமராப் புடைப்பு ஒரு மூலையில் துருத்திக்கொண்டிருந்தால், எதிர் மூலையைத் தட்டும்போதெல்லாம் போன் தடதடவென்று ஆடும். தாளம் தட்டுகிறவருக்கு இது தீராத தொல்லை, அந்த ஆட்டத்தின் ஒலி மைக்கிலும் ஏறும். புடைப்பு குறுக்கே முழு அகலத்துக்கும் ஓடினால் ஆட்டம் குறையும். விளிம்பு வளைந்த திரைகள் பார்க்க அழகு, ஆனால் ஓரத்துக் கட்டையைத் தொடும்போது உள்ளங்கை பட்டு வேறு சுரம் ஒலித்துவிடும். ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் "பின்னால் போ" என்று பொருள் கொள்ளும் அமைப்பை வாசிக்கும் நேரத்தில் பூட்டி வைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். சூட்டையும் கவனியுங்கள்: சித்திரை, வைகாசியில் ஈரோட்டிலும் கரூரிலும் ஓட்டு வீட்டுக்குள் உட்கார்ந்து வாசித்தால் போன் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அப்போது ஒலி துண்டு துண்டாகும். தடித்த கவசத்தைக் கழற்றினால் சற்றுத் தணியும்.

பிரவுன் நிறுவனத்துக்கு வானொலிகளை வடிவமைத்த ஜெர்மானியர் டீட்டர் ராம்ஸ், நல்ல வடிவமைப்பு பொருளைத் தானாகவே விளங்க வைக்கும், நீண்ட நாள் உழைக்கும், தன்னை முன்னிறுத்திக்கொள்ளாது என்ற கருத்துகளை வகுத்துச் சொன்னவர். அந்த அளவுகோல் இசைக்கருவிக்கு அப்படியே பொருந்துகிறது. ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த டீனேஜ் இன்ஜினியரிங் 2011-இல் வெளியிட்ட ஓபி-1 என்ற சிறு கருவியில் நான்கு திருகுகள் நான்கு நிறத்தில் இருக்கும். எந்த நிறத் திருகு எதை மாற்றும் என்பதைத் திரையில் அதே நிறத்தில் வரைந்து காட்டும். விளக்கக் கையேடு தேடாமலேயே கை அதைக் கற்றுக்கொள்கிறது. அதை வாங்கச் சொல்லவில்லை, விலை மிக அதிகம். ஆனால் ஒரு செயலியைத் திறந்ததும் "எதைத் தொட்டால் எது மாறும்" என்று உங்களுக்குப் புரிகிறதா என்று இதே கண்ணால் பார்க்கலாம்.

பறையும் உறுமியும் ரெக்கார்டு பண்ணுனா கரகரங்குதுங்க. மைக் சரியில்லீங்களா?

பெரும்பாலும் மைக்கில் பிழை இருக்காது. போனின் மைக் பேச்சுக்காக அமைக்கப்பட்டது. பறையின் அடி ஒரே நொடியில் உச்சிக்கு ஏறி அடங்குவதால், அருகில் வைத்த மைக் அதைத் தாங்க முடியாமல் முகட்டை வெட்டிவிடுகிறது. அப்படி வெட்டுப்பட்டதைப் பிறகு எந்தச் செயலியாலும் முழுமையாக மீட்க முடியாது. திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபெல் குறையும். எனவே ஒரு மீட்டரிலிருந்து நான்கு மீட்டருக்குப் பின்வாங்கினால் 12 டெசிபெல் குறைந்துவிடும். காசு செலவில்லாத மருந்து இதுதான்.

உறுமிக்குச் சிக்கல் வேறு. வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமலை, பேச்சைத் தெளிவாக்கும் மென்பொருள் "இரைச்சல்" என்று எண்ணி அழித்துவிடும். கேட்டால் உறுமி ஊமையாகிவிட்டது போலிருக்கும். போனோடு வரும் குரல் பதிவுச் செயலியைத் தவிர்த்து, இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி ஒலிக் கட்டுப்பாட்டையும் நிறுத்தும் வசதியுள்ள பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள். எந்தப் போனில் அப்படி நிறுத்தினாலும் மென்பொருள் அடங்குவதில்லையோ, அந்தப் போன் நாட்டுப்புறத் தாளத்துக்கு ஆகாது. அதற்கு வெளி மைக் ஒன்று டைப்-சி வழியே மாட்டுவதுதான் வழி. பறையைத் தீயில் காய்ச்சி விறைப்பேற்றியதும் பதிந்துவிடுங்கள். ஆறிய பிறகு பதிந்த அடியோடு அது ஒட்டாது.

ஸ்டோரேஜும் ரேமும் எத்தன வேணுமுங்க?

சுருக்காத தரத்தில், 24 பிட், 48,000 சாம்பிள் வீதம், ஒற்றைத் தடத்துக்கு (தனியாகப் பதிந்த ஒரு குரல் அல்லது ஒரு கருவி) நிமிடத்துக்கு 8.6 எம்பி ஆகும். நான்கு நிமிடப் பாட்டில் எட்டுத் தடம் என்றால் சுமார் 275 எம்பி. 128 ஜிபி தாராளம். ரேம் 6 ஜிபி இருந்தால் நடுவில் செயலி மூடிக்கொள்ளும் தொல்லை குறையும். சேமிப்பகம் இஎம்எம்சி வகையா யுஎஃப்எஸ் வகையா என்று கேளுங்கள். பல தடங்களை ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் இரண்டாவது வேகமானது.

எங்க ஊடு சோமனூருங்க, சுத்தியும் தறிதான். சத்தத்துக்கு நடுவுல என்ன பண்றது?

விசைத்தறியின் இரைச்சல் காற்று வழியாக மட்டும் வருவதில்லை. தரையின் அதிர்வாக மேசைக்கும் மேசையிலிருந்து போனுக்கும் ஏறுகிறது. போனை மடித்த போர்வையின் மேல் வைத்தாலே அடித்தொனி கணிசமாகக் குறையும். காதை முழுதும் மூடும் ஹெட்போனில் மெட்டையும் தாளத்தையும் எந்த நேரமும் அமைக்கலாம். பாட்டுக் குரலை மட்டும் தறி நிற்கும் நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

சார்ஜ் போட்டுட்டே ரெக்கார்டு பண்ணுனா "ஞொய்ய்"ன்னு ஒரு சத்தம் வருதுங்க.

இரண்டு முள் சார்ஜரில் எர்த் இணைப்பு இல்லாததால் மின்சாரக் கசிவு ஒலி வழியில் கலக்கிறது. முன்கூட்டியே சார்ஜ் ஏற்றி, பதியும்போது ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். விமானப் பயன்முறையையும் போட்டுவிட்டால் அழைப்பும் வராது, அலைவரிசையின் "டிர்டிர்" ஒலியும் ஏறாது.

என்ற பொண்ணு எட்டாவது படிக்கறா, கீபோர்டு கத்துக்கறா. போன் போதுமா, டேப்லெட் வாங்கித் தரட்டுமா?

உண்மையான கீபோர்டில் ஒரு ஸ்தாயியின் (ச முதல் நி வரை, ஏழு வெள்ளைக் கட்டை) அகலம் சுமார் 16.5 சென்டிமீட்டர். 6.5 அங்குலம் என்று சொல்லப்படும் போன் திரையின் நீளமோ சுமார் 15 சென்டிமீட்டர். அதாவது சரியான அளவில் ஒரு ஸ்தாயிகூட அடங்காது. செயலி கட்டைகளைச் சுருக்கித்தான் காட்டும். அதில் பழகும் விரல் உண்மைக் கீபோர்டில் தடுமாறும். 10 அங்குலத்துக்கு மேலுள்ள டேப்லெட்டில் ஒரு ஸ்தாயியும் கொஞ்சமும் சரியான அளவில் கிடைக்கும்.

ஆனால் குழந்தை கீபோர்டு கற்கிறாள் என்றால், டேப்லெட்டின் விலையில் ஒரு பகுதிக்கு யுஎஸ்பி வழியே மாட்டும் சிறு மிடி கீபோர்டை (எந்தச் சுரத்தை அழுத்தினோம் என்ற செய்தியை மட்டும் அனுப்பும், ஒலியைச் செயலி எழுப்பும்) வாங்கி இருக்கும் போனோடு இணைத்துக் கொடுப்பதையே நான் சொல்வேன். ஆண்ட்ராய்டு 6 முதல் மிடி கருவிகளை ஏற்கும் வசதி உண்டு. அழுத்தத்துக்கு ஏற்பக் கனமாகவும் மென்மையாகவும் ஒலிக்கும் கட்டை கண்ணாடித் திரையில் சரிவரக் கிடைப்பதில்லை.

கண்ணாடியில கமகம் வருமுங்களா? எங்க அப்பாரு பாடற கட்டைக்கு இது சேருமா?

கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைப்பதைப் பொறுத்தவரை கீபோர்டைவிடக் கண்ணாடியே மேல். கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே எதுவும் இல்லை. திரையில் விரலை இழுத்தால் சுரம் வழுக்கிச் செல்லும்படி அமைக்கலாம். கராஜ்பேண்டின் கீபோர்டில் "பிட்ச்" என்ற நிலையைத் தேர்ந்தெடுத்தால் அப்படி ஒலிக்கும். இதற்கு விரல் தடையின்றி வழுக்க வேண்டும். வியர்த்த விரல் ஒட்டும் மலிவான பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வியர்வையில் ஒட்டாத, லேசான சொரசொரப்புள்ள மெல்லிய படலத்தை ஒட்டிப் பாருங்கள்.

பாடும் கட்டையை, அதாவது சுருதியை, மாற்றுவது எளிது: 1 கட்டை என்பது "சி", 2 "டி", 5 "ஜி" என்று செயலியில் சுருதியை நகர்த்திக்கொள்ளலாம். உடுக்கடிப் பாட்டுப் பாடும் பெரியவர்கள் எந்தக் கட்டையிலும் சரியாக உட்காராமல் இரண்டுக்கும் நடுவில் தங்கள் சுருதியை வைத்துக்கொள்வார்கள். அதற்கு, அரைச் சுரத்தை நூறாகப் பகுத்த "சென்ட்" அளவில் நகர்த்தும் வசதி அந்தச் செயலியில் இருக்கிறதா என்று பாருங்கள். கருவிதான் அப்பாரின் குரலுக்கு இறங்கி வர வேண்டும். அவரைக் கருவிக்கு ஏற்றுவது தவறு.

செகண்ட் ஹேண்டு வாங்கலாமுங்களா? ஏமாந்துருவமோன்னு பயமா இருக்குது.

வாங்கலாம், சாதாரணமாக இசை அமைப்பவருக்கு அதுவே சிக்கனமான வழி. முதலில் *#06# அடித்து, அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுங்கள். கேஒய்எம் என்ற மூன்று எழுத்தை ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்று பதில் வரும். அழைப்பு வசதி இல்லாத ஐபேடுக்கு இந்த எண் கிடையாது. அதில் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்பதைக் கண்முன் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

அடுத்து இசைக்கான சோதனை. ஒரு படக்குறியை அழுத்திப் பிடித்துத் திரை முழுதும் கோடு கோடாக இழுங்கள்; எங்காவது நழுவி விழுந்தால் அந்த இடத்தில் தொடு உணர்வு செத்திருக்கிறது. இயர்போன் பின்னை மாட்டி மெல்லத் திருகுங்கள். ஒரு காது விட்டு விட்டுக் கேட்டால் துளை தேய்ந்திருக்கிறது. பின்புறம் சற்று உப்பியிருந்தால் பேட்டரி ஊதியிருக்கிறது, தொடாதீர்கள். மென்பொருள் ஆதரவு எவ்வளவு மிச்சம் என்பதும் முக்கியம்: கூகுள் 2023-இல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-இல் எஸ்24-க்கும் ஏழு ஆண்டு புதுப்பிப்பு அறிவித்தன. விலை குறைந்த மாடல்கள் பலவற்றுக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. ஆதரவு முடிந்த கருவியில் செயலிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும்.

நம்மகிட்ட இருக்கற வெல கூடுன போனை விடப் பையனோட வெல கொறஞ்ச போன்ல அடி சீக்கிரம் கேக்குதுங்க. அதெப்படி?

சிப்பின் வேகமும் ஒலியின் தாமதமும் ஒன்றல்ல. விலை கூடிய போன்கள் பலவற்றில் திரைப்படம் பார்க்க இனிமையாக இருக்கட்டும் என்று ஒலியை அகலப்படுத்தும், அடித்தொனியைக் கூட்டும் மெருகுகளைக் கடைசி வழியில் வைத்திருப்பார்கள். தாமதம் பற்றிய பதிலில் சொன்ன "மீதிப் பங்கு" இதுதான். அமைப்புகளுக்குள் போய் ஒலி மெருகு அனைத்தையும் நிறுத்திவிட்டு நகத் தட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

அது போதவில்லை என்றால் செயலியின் சாம்பிள் வீதத்தைப் பாருங்கள். போன் 48,000-இல் ஓட, செயலி 44,100-இல் ஓடினால் ஒவ்வொரு கணமும் மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். சில போன்களில் அந்த மாற்றத்தாலேயே முன்பு சொன்ன ஏஆடியோ குறுக்குவழி மூடிக்கொண்டு, ஒலி சாதாரண வழியில் சுற்றி வரும். இரண்டையும் 48,000-க்குக் கொண்டுவாருங்கள். மின்சேமிப்பு நிலையையும் நிறுத்துங்கள். இவ்வளவு செய்தும் மாறாத போனில் குறை வடிவமைப்பில் இருக்கிறது, உங்களிடம் இல்லை. அதைப் பதிவுக்கு வைத்துக்கொண்டு, தாளத்தைப் பையனின் போனில் தட்டுங்கள்.

எல்லாச் சோதனையும் பாசாகுதுங்க, ஆனா எடுத்து வாசிக்கத்தான் தோணறதில்ல. என்ன கொறைங்க?

பையிலிருந்து எடுத்ததிலிருந்து முதல் ஒலி எழும் வரை எத்தனை படி கடக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். பூட்டைத் திறந்து, செயலியைத் தேடி, விளம்பரத்தை மூடி, பழைய பாட்டைத் திறக்கவா என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, கருவியைத் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் மனத்தில் வந்த மெட்டு போய்விடும். இது செயலியின் வடிவமைப்புக் குறை. கோலா சாம்ப்ளரில் ஒரு கட்டத்தை அழுத்திப் பிடித்தபடி பாடினால் பதிவாகிறது, விட்டதும் அதே கட்டம் கருவியாகிவிடுகிறது. இப்படிப்பட்ட ஒன்றை முகப்புத் திரையிலேயே வையுங்கள். வாட்ஸ்அப் அறிவிப்புகளையும் அந்த நேரத்தில் அடக்கிவிடுங்கள்.

பழைய போன் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால், சிம்மை எடுத்துவிட்டு இசைக்கென்றே ஒதுக்குங்கள். மேலே சொன்ன தாமதச் சோதனையில் அது தேறினால், புதியது வாங்கும் செலவே மிச்சம்.

போன் போச்சுன்னா பாட்டும் போயிருமுங்களா?

செயலிக்குள் மட்டும் வைத்திருந்தால் போய்விடும். ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி வேவ் கோப்பாகவும், மிடி உள்ளதை மிடி கோப்பாகவும் ஏற்றுமதி செய்ய விடாத செயலியில் பெரிய வேலை எதையும் தொடங்காதீர்கள். மாதம் ஒருமுறை அந்தக் கோப்புகளைப் பென் டிரைவிலும் கணினியிலும் ஏற்றி, கோப்பின் பெயரிலேயே பாட்டின் கட்டையையும் தாள வேகத்தையும் எழுதி வையுங்கள். எல்லாத் தடமும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே நீளும்படி ஏற்றுமதி செய்தால், வேறு எந்தச் செயலியில் போட்டாலும் அவை ஒன்றோடொன்று பிசகாமல் சேரும்.